வாவிக்கரையின் மருத்துவப் பதிவுகள்: ஆய்வுக்கு எவ்வளவு தாங்கும்?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைகளிலோ ஒருவர் விடுதியில் சேர்ந்தால் அவர் பெயரில் ஒரு பி.எச்.ரி. (படுக்கைச் சீட்டு) எழுதப்படுகிறது. என்ன வருத்தத்தோடு வந்தார், எத்தனை நாளாக, சோதித்த வைத்தியர் என்ன கண்டார், இரத்தப் பரிசோதனை என்ன சொன்னது, எந்த மருந்து எத்தனை வேளை என்பதெல்லாம் அதில் ஏறும். துண்டு வெட்டி ஆள் வீட்டுக்குப் போனதும் அந்தத் தாள்கட்டு பதிவறைக்குப் போய்விடும். பிறகு நீதிமன்றம் கேட்டாலோ, காப்புறுதிக்காரர் கேட்டாலோ, ஆய்வு செய்பவர் கேட்டாலோதான் அது திரும்ப வெளியே வரும்.

இந்தக் கட்டுரை மூன்றாவதாகச் சொன்னவரைப் பற்றியது. சிகிச்சைக்காக எழுதப்பட்ட பதிவை ஆய்வுக்காகத் திரும்பப் படிக்கலாமா? படித்தால் அதை எவ்வளவு நம்பலாம்? யாருடைய அனுமதியோடு படிப்பது? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கியப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் இயங்கும் ஊரில் இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. மருத்துவ மாணவர்களும் பட்டமேற்படிப்பு வைத்தியர்களும் செய்யும் ஆய்வுகளுக்குப் பழைய பதிவுகள்தான் செலவு குறைந்த வழி. புதிதாக நோயாளரைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பின்தொடரப் பணமும் ஆளும் வேண்டும். பழைய பதிவைப் படிக்கவோ பதிவறைக்குத் திறப்பு இருந்தால் போதும். அந்த எளிமையிலேயே ஆபத்தும் இருக்கிறது.

என்ன இருக்கிறது?

ஒரு நோயாளியின் கதை ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. உள்நோயாளருக்கு பி.எச்.ரி. இருக்கிறது. கிளினிக்குக்கு வருபவருக்கோ கிளினிக் கொப்பி. அது அவர் கையிலேயே இருக்கும். பத்து வருடமாக நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மருந்தெடுக்கும் ஒருவரின் வரலாறு வைத்தியசாலையில் இல்லை, வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மாரி வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால் அதுவும் நனையும். 2004 சுனாமியில் நாவலடி, கல்லடிக் கரையோர வீடுகள் அள்ளுண்டபோது எத்தனை பேரின் மருத்துவ வரலாறு கடலோடு போனது என்று கணக்கெடுக்கவே வழியில்லை.

ஆய்வுகூடத்தில் தனிப் புத்தகம், சத்திரசிகிச்சைக் கூடத்தில் தனிப் புத்தகம். கர்ப்பவதியின் பதிவும் குழந்தையின் வளர்ச்சிப் பதிவேடும் தாயிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் இருக்கும். அறிவிக்கவேண்டிய தொற்றுநோயென்றால் எச் 544 படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிப் போய் விசாரித்து எச் 411ஐ நிரப்புவார். உள்நோயாளரின் நோய், இறப்பு விபரங்கள் தொகுக்கப்பட்டு சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குச் செல்கின்றன. அந்தத் தேசியக் கணக்கில், மக்கள் விடுதியில் சேரும் காரணங்களுள் காயங்கள் முதலிடத்தில் நிற்பதும், இன்ன நோயென்று வகுக்கப்படாத ‘அறிகுறிகள்’ அதையொட்டி முன்வரிசையில் நிற்பதும் வழக்கம். நோய்க்குப் பெயர் வைக்கப்படாமலே துண்டு வெட்டப்பட்டவர்கள் அவ்வளவு பேர். பதிவை வைத்து ஆய்வு செய்ய வருபவர் முதலில் மனதில் கொள்ளவேண்டியது இதை.

பதிவுகள் கற்றுத் தந்தவை

இத்தனை ஓட்டைகளோடும் பழைய பதிவுகள் இந்த நாட்டில் உயிர்களைக் காத்திருக்கின்றன. 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்வரிசையில் இருந்தது. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47. மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. டேவிட் கன்னல், மைக்கல் எடில்ஸ்டன் முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு புதிதாக ஒருவரையும் பேட்டி காணவில்லை. 1975 முதல் 2005 வரை அரசு ஏற்கெனவே திரட்டி வைத்திருந்த கணக்குகளை அடுக்கிப் பார்த்தது. 2005இல் வீதம் பாதியாக விழுந்திருந்தது. வேலையின்மை, மதுப்பாவனை, விவாகரத்து, போர் ஆகியவற்றின் ஏற்ற இறக்கம் அந்த வீழ்ச்சியோடு பொருந்தவில்லை; தடை பொருந்தியது. முந்தைய பத்தாண்டோடு ஒப்பிட்டால் 1996 முதல் 2005 வரை ஏறத்தாழ 20,000 மரணங்கள் குறைந்திருந்தன. பிற நாடுகளும் பூச்சிகொல்லிக் கட்டுப்பாட்டுக்கு இதை உதாரணமாக எடுத்தன.

வடக்கில் இன்னும் முந்தைய ஒரு முயற்சி உண்டு. மஞ்சள் அலரி விதை நஞ்சு 1980களில் யாழ்ப்பாணத்தில் பெருகியபோது, சட்ட மருத்துவப் பேராசிரியர் ந. சரவணபவானந்தனும் உடனாய்வாளரும் 170 பேரின் விபரங்களைத் தொகுத்து 1988இல் வெளியிட்டார்கள். போர்ச் சூழலில், வசதி குறைந்த ஒரு வைத்தியசாலை வட்டாரத்திலிருந்து வந்த அந்தத் தொகுப்பு, பின்னால் இந்த நஞ்சைப் பற்றி எழுதியவர்களுக்கெல்லாம் அடித்தளமாயிற்று.

மட்டக்களப்புக்கே உரிய கதை மெலியோயிடோசிஸ். வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்ரீரியா காலிலுள்ள சிறு காயத்தின் வழியாகவோ மூச்சின் வழியாகவோ உடலுக்குள் போகிறது. சிலருக்குச் சீழ்க்கட்டி, சிலருக்கு நியூமோனியா, சிலருக்கு இரத்தத்தில் பரவி மரணம். நீரிழிவுக்காரரை இது அதிகம் தாக்கும். இலங்கையில் இந்நோய் 1927இலேயே ஒரு ஐரோப்பியரிடம் கண்டு எழுதப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இது இந்த நாட்டு நோயல்ல என்றே எண்ணப்பட்டது. 2006க்குப் பிறகு கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரெயா முதலானோர் தேடத் தொடங்கியதும் நாடெங்கும் நோயாளர் வெளிப்பட்டார்கள். கிழக்கிலும் வெளிப்பட்டார்கள். கடும் மழை வெள்ளத்துக்குப் பின் கிழக்கிலங்கையில் இரத்த வளர்ப்புப் பரிசோதனையில் உறுதியான 10 நோயாளர்களின் தொகுதி ஒன்று 2021இல் சர்வதேச ஆய்விதழில் வெளியாயிற்று. அவர்களிடமிருந்து கிடைத்த கிருமிகளின் மரபணுக்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன. ஓரிடத்துக் கிருமி ஊரெல்லாம் பரவியது என்று அதற்குக் காரணம் சொல்ல முடியாது. மண்ணில் ஏற்கெனவே பல வகை கிருமிகள் இருந்திருக்கின்றன, வெள்ளம் அவற்றை மனிதரிடம் கொண்டுவந்திருக்கிறது.

பதிவாய்வுக்கு இதிலிருந்து இரண்டு பாடங்கள். முதலாவது, விடுதிக் குறிப்பும் ஆய்வுகூடப் புத்தகமும் வானிலைக் கணக்கும் ஒன்றாக வைத்துப் படிக்கப்படும்போதுதான் நோயின் முகம் தெரிகிறது. இரண்டாவது, பதிவில் இல்லையென்பது நோய் இல்லையென்பதற்குச் சான்றாகாது. இந்தக் கிருமியைச் சாதாரண சூடோமோனாஸ் என்றெண்ணிக் கழித்துவிட்ட ஆய்வுகூடங்கள் பல. 1990ஆம் ஆண்டு பி.எச்.ரி.களை இன்று முழுவதும் புரட்டினாலும் ‘மெலியோயிடோசிஸ்’ என்ற சொல் அகப்படாது. ‘காரணம் தெரியாத காய்ச்சல்’ என்று இருக்கும். அந்த மனிதர் வயலில் இறங்கினாரா என்பதும் பெரும்பாலும் இராது.

வெற்றுக்கூடும் பாலமும்

அப்படியொரு பி.எச்.ரி.யைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முறைப்பாட்டு வரியில் காய்ச்சல் என்று எழுதி அருகே 3/7 என்றிருக்கும். விடுதியில் வேலை செய்தவருக்கு அது ‘மூன்று நாள்’. 2/52 என்றால் இரண்டு வாரம், 6/12 என்றால் ஆறு மாதம். தரவுகளைக் கணினியில் ஏற்றக் கூலிக்கு அமர்த்திய இளைஞருக்கு அது ஜூலை 3ஆம் திகதியாகவும் தோன்றலாம், ஏழில் மூன்று பங்காகவும் தோன்றலாம். பக்கத்தில் ‘மது’ என்பதற்கு எதிரே வெற்றிடம். குடிப்பதில்லை என்பதால் வெற்றிடமா, கேட்கவில்லை என்பதால் வெற்றிடமா? இரவு இரண்டு மணிக்கு முப்பதாவது நோயாளியைச் சேர்த்த வைத்தியர் கேட்டிருக்கமாட்டார் என்று ஊகிக்கலாம். ஊகத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. தொழில் என்ற கூட்டில் ஒரு பெண்ணுக்கு ‘வீட்டுப் பணி’ என்றிருக்கும். அவர் பெரும்போகத்தில் நாற்று நட்டவராகவும் இருக்கலாம், வாவியில் இறால் தடவியவராகவும் இருக்கலாம். அந்தக் கூடு சரியாக நிரம்பாதவரை மெலியோயிடோசிஸ் ஆய்வில் வயலில் உழைக்கும் பெண்கள் தெரியவே மாட்டார்கள்.

எழுதப்பட்டதில் உள்ள பிழை ஒருபுறம். எழுதப்படும் இடத்துக்கு வந்து சேராதவர்கள் மறுபுறம். மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பெரிய வைத்தியசாலைகள் கிழக்கே எழுவான்கரையில். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு, கரடியனாறு என விவசாயக் கிராமங்கள் மேற்கே படுவான்கரையில். மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்படும்வரை அங்கே வாவியைக் கடக்கப் படகுப்பாதைக்குக் காத்திருந்தார்கள். 2014க்குப் பிறகு படுவான்கரையிலிருந்து வரும் மாரடைப்பு நோயாளர் தொகை கூடியிருப்பதாக ஒருவர் பதிவேட்டில் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடியது மாரடைப்பா, பாலத்தைக் கடந்த வாகனங்களா? இதைக் கேட்காமல் எழுதப்படும் கட்டுரை நோயைப் பற்றியதல்ல, வீதி அபிவிருத்தியைப் பற்றியது. வெள்ளத்தில் பாதைகள் மூடப்படும் வாரங்களில் அனுமதிகள் குறைவதையும் ஊர் சுகமாக இருந்ததன் அடையாளமாக எடுக்கக்கூடாது.

பாம்புக்கடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2012, 2013இல் இலங்கை முழுவதும் வீடுவீடாக நடத்திய ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 கடிகளும் 464 மரணங்களும் நிகழ்ந்திருக்கும் என மதிப்பிட்டது. மொனராகலை மாவட்டத்தில் அதற்கு முன் நடந்த ஓர் ஆய்வும் வைத்தியசாலைக் கணக்குகள் பாம்புக்கடி மரணங்களைக் குறைத்துக் காட்டுவதை நிறுவியிருந்தது. கடிபட்டவர் வழியிலேயே இறந்தாலோ விஷக்கடி வைத்தியரிடம் போனாலோ பி.எச்.ரி. எழுதப்படுவதில்லை. படுவான்கரையை அறிந்த எவருக்கும் இது புதிதல்ல.

இன்னொரு பொறி சற்று நுட்பமானது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜோசப் பேர்க்சன் 1946இல் அதைக் காட்டினார். இரண்டு நோய் உள்ளவர் ஒரு நோய் உள்ளவரைவிட வைத்தியசாலைக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஊரில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு நோய்கள் விடுதிக்குள் தொடர்புடையவை போலத் தெரியும். நீரிழிவுக்காரர் எப்படியும் அடிக்கடி விடுதிக்கு வருபவர். நீரிழிவு மெலியோயிடோசிஸைக் கூட்டுகிறது என்பது பல நாடுகளில் பல வழிகளில் உறுதியான உண்மைதான். ஆனால் எத்தனை மடங்கு கூட்டுகிறது என்பதை விடுதிப் பதிவை மட்டும் வைத்து அளந்தால் விடை ஊதிப்போகும்.

யாரைக் கேட்பது?

பதிவில் உள்ளவர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், மூன்று முறை இடம்பெயர்ந்திருக்கலாம். ஒவ்வொருவரையும் தேடிச் சம்மதம் கேட்டால்தான் ஆய்வு என்றால் ஆய்வே நடவாது. தேடிக் கிடைத்தவர்களை மட்டும் சேர்த்தால் வசதியுள்ளவர்களும் இடம்பெயராதவர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் இதை உணர்ந்தே இத்தகைய இடங்களில் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு விலக்குக்கு வழிவிட்டது. 2016ஆம் ஆண்டின் சர்வதேச ஆய்வு நெறிமுறை வழிகாட்டல்கள் மூன்று நிபந்தனைகளை வைக்கின்றன: விலக்கு இல்லாமல் ஆய்வைச் செய்ய முடியாதிருக்க வேண்டும், ஆய்வுக்குச் சமூகப் பெறுமதி இருக்க வேண்டும், பங்குபெறுபவருக்கு ஆபத்து மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதே ஆண்டில் வந்த தாய்ப்பே பிரகடனம் சுகாதாரத் தரவுத்தளங்களுக்கென்றே தனி நெறிகளை வகுத்தது.

இலங்கைச் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், ஒருவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவரது மருத்துவப் பதிவை வெளியிட முடியாதென்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையில் வைக்கிறது. தகுந்த பாதுகாப்புகளோடு விஞ்ஞான ஆய்வுக்கு இடமும் தருகிறது. சட்டப்படி கதவு பூட்டப்படவில்லை. காவலோடு திறக்கச் சொல்கிறது.

அந்தக் காவல் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டுமென்பதற்கு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில் நடந்தது சாட்சி. அரச ஊழியரின் மருத்துவப் பதிவுகள் பெயர் நீக்கி ஆய்வாளருக்குக் கொடுக்கப்பட்டன. லதான்யா ஸ்வீனி என்ற மாணவி, வாக்காளர் பட்டியலிலிருந்த பிறந்த திகதி, பால், தபால் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்து மாநில ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்தார். இங்கே அவ்வளவு பாடும் தேவையில்லை. நமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைச் சொல்லும். அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாளென்பதைச் சொல்லும். பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெயரை அழித்துவிட்டு இலக்கத்தை விட்டுவைத்தால் திகதியும் பாலும் வெளியே கிடக்கின்றன. இலக்கத்தையும் அழித்துவிட்டு, சின்னக் கிராமத்தின் பெயர், வயது, தொழில், நோய் என்று நான்கை எழுதினால் அந்த ஊரில் ஆளைக் காட்டச் சின்னப் பிள்ளையும் போதும்.

தொழுநோயில் இந்தச் சிக்கல் முழு வடிவில் தெரிகிறது. வாவியின் நடுவே மாந்தீவில் பிரித்தானியர் காலத்தில் தொழுநோய் வைத்தியசாலை அமைத்து நோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்தார்கள். பன்மருந்துச் சிகிச்சை 1983இல் நாட்டுக்கு வந்தது. 1995இல் தேசிய அளவில் நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவரிலும் குறைந்தது. ஆனாலும் மட்டக்களப்பு இன்றும் நோய் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களுள் ஒன்று. கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்பட ஐந்தாண்டோ, சிலவேளை இருபது ஆண்டோ ஆகலாம். அதனால் இருபது வருடத்துக்கு முந்தைய நோயாளியின் வீட்டு விலாசம் இன்றைய தடுப்புவேலைக்குத் தேவை. அதே விலாசம் வெளியே போனால் அந்த வீட்டுப் பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோகலாம். தனியாளின் பெயரை மறைத்து ஊரின் பெயரை அச்சிட்டால் பழி ஊர் முழுவதற்கும் வரும். சம்மதப் படிவம் எதிலும் ஊருக்குக் கையெழுத்துப் போடும் இடம் இல்லை.

கணினி வந்தால் தீருமா?

மேயோ கிளினிக்கில் ஹென்றி பிளம்மர் 1907இல் ஒரு நோயாளிக்கு ஒரே கோப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார். அதன்பிறகுதான் அங்கே பதிவுகளை வைத்துப் பெரும் ஆய்வுகள் நடந்தன. இலங்கையின் அரச வைத்தியசாலைகளிலும் திறந்த மூல மென்பொருளான எச்.எச்.ஐ.எம்.எஸ். போன்ற முறைமைகள் வந்துள்ளன; தனிநபர் சுகாதார இலக்கமும் வழங்கப்பட்டு வருகிறது. ஒருவருக்கு ஒரு இலக்கம் என்பது தமிழ்ப் பேசும் நோயாளருக்குப் பெரும் உதவி. பதிவு ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் ஒரே சிவலிங்கம் மூன்று அனுமதிகளில் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆட்களாகிவிடுகிறார். ஒருமுறை தகப்பன் பெயர் முன்னால் வரும், மறுமுறை முதலெழுத்தாகச் சுருங்கும். இலக்கம் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். கேட்கப்படாத கேள்விக்கு அதனால் பதில் தர முடியாது. தொழில் கூட்டைத் தாளில் நிரப்பாதவர் திரையிலும் நிரப்பமாட்டார்; கட்டாயக் கூடென்றால் முதலில் கைக்கு வரும் தெரிவை அழுத்திவிட்டுப் போவார்.

எண்ணிக்கை பெரிதானால் உண்மை கிட்டிவிடும் என்ற நம்பிக்கை 2020இல் சந்தி சிரித்தது. கொவிட் நோயாளருக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்தின் விளைவைப் பற்றி லான்செற் இதழில் வெளியான கட்டுரை, 671 வைத்தியசாலைகளின் 96,032 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்ததாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அந்த மருந்துப் பகுதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. மூலத் தரவைக் காட்டும்படி கேட்டபோது, தரவை வழங்கிய சேர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் காட்டவில்லை. இரண்டு வாரத்துக்குள், ஜூன் 4ஆம் திகதி, கட்டுரை மீளப்பெறப்பட்டது. பதிவறைக்குப் போய் எந்தக் கட்டையும் இழுத்துச் சரிபார்க்கலாம் என்ற நிலை இருக்கும் நூறு பி.எச்.ரி.கள், யாரும் பார்க்க முடியாத ஓர் இலட்சம் பதிவுகளைவிட மேலானவை.

செய்யவேண்டியவை

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தால், வாவிக்கரையின் பதிவுகள் நல்ல கேள்விகளை எழுப்பப் போதுமானவை. கேள்வியை முடித்துவைக்கப் போதுமானவை அல்ல. எந்த மாதத்தில், எந்தப் பக்கத்தில், எந்தத் தொழிலாளரிடம் நோய் கூடுகிறது என்ற தடயத்தை அவை தரும். எது எதற்குக் காரணம் என்பதையும் எந்த மருந்து சிறந்தது என்பதையும் பெரும்பாலும் அவற்றிலிருந்து தீர்ப்பாகச் சொல்ல முடியாது. இந்த எல்லையை ஒத்துக்கொண்டால் செய்யத்தக்கவை தெளிவாகின்றன.

ஆய்வு தொடங்குவது பதிவறையில் அல்ல, அனுமதி மேசையில். தொழில், வயலிலோ நீரிலோ இறங்கியது, நோயின் நாட்கள், நீரிழிவு ஆகிய நான்கையும் தவறாமல் எழுதும் பழக்கம் வந்தால் பத்தாண்டில் கிடைக்கும் தரவு இன்று எந்தப் பணத்துக்கும் கிடைக்காதது. ஆய்வாளர் பதிவுகளைப் புரட்டுமுன் கேள்வியையும் கணக்கிடும் முறையையும் எழுதி நெறிமுறைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். புரட்டிய பின் கேள்வியைத் தேடுவது ஆய்வாகாது. பெயரும் இலக்கமும் உள்ள சாவிப் பட்டியல் வைத்தியசாலைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆய்வாளர் கையில் சங்கேத எண் மட்டும் போதும். எத்தனை பதிவுகள் தேடப்பட்டன, எத்தனை கிடைக்கவில்லை, எத்தனை கூடுகள் வெறுமையாக இருந்தன என்பதைக் கட்டுரையில் ஒளிக்காமல் எழுத வேண்டும். பதிவாய்வுகளை எழுதுவதற்கென 2015இல் வந்த ரெக்கோர்ட் வழிகாட்டல் இத்தகையவற்றைத்தான் கேட்கிறது.

நோயாளருக்குச் சொல்லவேண்டியதும் உண்டு. ‘உங்கள் பதிவு பெயர் நீக்கப்பட்டு ஆய்வுக்குப் பயன்படலாம், விரும்பாவிட்டால் சொல்லுங்கள், சிகிச்சையில் எந்தக் குறையும் வராது’ என்ற நாலு வரித் தமிழ் அறிவித்தல் கிளினிக் வாசலில் இருந்தால் போதும். ஆய்வின் முடிவும் தமிழில் திரும்பி வர வேண்டும்: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், பெரும்போக விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்புகளுக்கும். படுவான்கரை விவசாயியின் இரத்தத்தில் கண்ட கிருமியைப் பற்றிய கட்டுரை ஆங்கில ஆய்விதழோடு நின்றுவிட்டால், வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் அவர் மகனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தேவையான இடத்தில் நெறிமுறைக் குழு சம்மதத்திலிருந்து விலக்குத் தரலாம். பதில் சொல்லும் கடமையிலிருந்து யாருக்கும் யாரும் விலக்குத் தர முடியாது. யாருடைய பதிவு, யார் படித்தார்கள், என்ன கண்டார்கள், அதனால் விடுதியில் என்ன மாறியது என்ற நான்குக்கும் விடை சொல்ல முடியாத ஆய்வுக்குப் பதிவறையைத் திறக்கவேண்டிய அவசியம் இல்லை.